கொத்தன் இல்லாத கட்டடம்

ஊரில் ஒரு பள்ளிக்கூடம் கட்ட வேண்டுமானால் நாம் என்ன செய்கிறோம்? செங்கல், மணல், சிமெண்டு ஆகியவற்றைச் சேகரிக்கிறோம். அவற்றைக் குவித்து வைத்துவிட்டு ஆறு மாதம் கழித்துச் சென்று பார்த்தால், குவியல் குவியலாகவே கிடக்கும். கொத்தனார் வந்து நூல் பிடித்துக் கல்லின்மேல் கல்லாக அடுக்கினால்தான் சுவர் எழும். இதில் ஐயத்திற்கு இடமில்லை.

ஆயின், கண்ணுக்குப் புலனாகாத மிகச் சிறிய பொருள்களின் உலகில் இவ்விதி செல்லாது. அங்கே செங்கற்களே ஒன்றையொன்று அணுகி, தத்தமக்கு உரிய இடத்தில் அமர்ந்து, சுவராகவும் உருண்டையாகவும் குழலாகவும் நிற்கின்றன. கொத்தனும் இல்லை, மேஸ்திரியும் இல்லை, நூல் பிடிப்பாரும் இல்லை. நாம் கை கழுவும் சோப்பு நீரிலும், உறையும் தயிரிலும், உழும் மண்ணிலும் இவ்வேலை நடைபெற்று வருகிறது. துகள்கள் இவ்வாறு தாமே ஒழுங்குபட்டு அமைவதைத் 'தன்னமைவு' என்று கூறலாம்.

இதனைக் கிராமத்தார் ஏன் அறிய வேண்டும் என்று சிலர் கேட்கக்கூடும். காரணம் உண்டு. நன்கு விளைந்து வந்த நிலம் சில ஆண்டுகளில் களராகிக் கைவிடப்படுவதும், கைவிட்ட களர் மீண்டும் விளைநிலம் ஆவதும், மண்ணில் உள்ள நுண்துகள்களின் தன்னமைவு கெடுவதாலும் சீர்படுவதாலும் நிகழ்வனவாகும். இதனை அறியாமல் களர் திருத்தத்திற்குச் செலவிடும் பணம் பல இடங்களில் வீணாகிறது. ஆகவே, வீட்டில் உள்ள எளிய பொருள்களில் தொடங்கிப் படிப்படியாக நம் நிலத்திற்கு வருவோம்.

அளவும் அசைவும்

முதலில் அளவைத் தெரிந்துகொள்வோம். ஒரு மில்லிமீட்டர் நீளத்தைப் பத்து லட்சம் சம பங்குகளாகப் பிரித்தால், அதில் ஒரு பங்கு ஒரு நானோமீட்டர் ஆகும். நம் தலைமயிரின் தடிப்பு சுமார் 50,000 முதல் 1,00,000 நானோமீட்டர் வரை இருக்கும். சோப்பின் மூலக்கூறு ஒன்றின் நீளமோ ஏறக்குறைய 2 நானோமீட்டர்தான்.

இத்துணைச் சிறிய பொருள்கள் நீரில் ஒரு கணமும் ஓய்ந்திருப்பதில்லை. 1827ஆம் ஆண்டில் இராபர்ட் பிரௌன் என்னும் தாவர நூல் அறிஞர், பூந்தாதுவிலிருந்து வெளிப்பட்ட நுண்துகள்கள் நீரில் இடைவிடாது துள்ளுவதை உருப்பெருக்கிக் கண்ணாடி வழியே கண்டார். உயிரற்ற பொருள்களின் பொடியும் அவ்வாறே துள்ளியது. நீரின் மூலக்கூறுகள் எல்லாப் பக்கங்களிலிருந்தும் மோதுவதே இதற்குக் காரணம் என்பதை 1905இல் ஐன்ஸ்டைன் கணக்கிட்டு விளக்கினார்.

இந்த ஓயாத அசைவே கொத்தனாரின் கைகளுக்கு ஈடாக நிற்கிறது. படியில் நெல் அளக்கும்போது பக்கத்தில் தட்டினால், நெல்மணிகள் இடம் மாறி மாறி நெருங்கி அமைவதைப் பார்க்கிறோம். நெல்லுக்கு நாம் தட்ட வேண்டும். மூலக்கூறுகளுக்கு வெப்பமே தட்டுகிறது. அசைவினால் துகள்கள் ஒன்றோடொன்று மோதுகின்றன. பொருந்தாத இடத்தில் ஒட்டியவை மீண்டும் பிரிகின்றன. பொருந்திய இடத்தில் அமர்ந்தவை நிலைக்கின்றன. இங்ஙனம் எண்ணற்ற முயற்சிகளின் முடிவில் ஒழுங்கு பிறக்கிறது.

ஆகவே, தன்னமைவுக்கு மூன்று வேண்டும். ஒன்று, துகளின் இயல்பு. அதாவது அதன் வடிவும், அது தாங்கும் மின்னேற்றமும், நீரோடு அதற்குள்ள உறவும் பகையும். இரண்டு, அசைவு. மூன்று, சூழ்நிலை, அதாவது சுற்றியுள்ள நீரில் கரைந்திருக்கும் உப்பும் அமிலமும் பிறவும். முதல் இரண்டும் பெரும்பாலும் இயற்கையின் கையில் உள்ளன. மூன்றாவது நம் கையில் உள்ளது. இக்கட்டுரையின் சாரம் இதுவே.

சோப்பு கற்பிக்கும் பாடம்

சோப்பின் மூலக்கூறுக்கு ஒரு தலையும் ஒரு நீண்ட வாலும் உண்டு. தலை நீரை விரும்பும். வால் எண்ணெயின் இனத்தைச் சேர்ந்தது, நீரோடு கலவாது. இவ்விரு குணமும் ஓர் உடலில் இருப்பதால் சோப்பு நீரில் இக்கட்டான நிலையை அடைகிறது. அதற்கு வழி யாது? பல மூலக்கூறுகள் கூடி, வால்களை எல்லாம் உள்ளே மறைத்துத் தலைகளை வெளியே காட்டி, ஒரு நுண்ணிய உருண்டையாக அமைந்துவிடுகின்றன. இவ்வுருண்டைக்கு 'மைசெல்' என்று பெயர். இங்கிலாந்தில் பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய மக்பெயின் என்பவர் 1913ஆம் ஆண்டில் சோப்பு நீரில் இத்தகைய கூட்டங்கள் உள்ளன என்பதை எடுத்துரைத்தார். துணியில் படிந்த எண்ணெய் அழுக்கு இவ்வுருண்டையின் உள்ளே புகுந்துகொண்டு நீரோடு வெளியேறுகிறது.

இதில் கவனிக்கத்தக்க செய்தி ஒன்று உண்டு. பஞ்சாயத்துக் கூட்டத்தில் 'கோரம்' சேராவிட்டால் தீர்மானம் நிறைவேறாது என்பதை அங்கத்தினர்கள் அறிவர். சோப்புக்கும் கோரம் உண்டு. சலவைத் தூள்களிலும் ஷாம்புகளிலும் சேர்க்கப்படும் சோடியம் டோடெசில் சல்பேட் என்னும் பொருளை எடுத்துக்கொள்வோம். சாதாரண வெப்ப நிலையில், ஒரு லிட்டர் தூய நீரில் சுமார் 2.3 கிராம் கரையும் வரையில் அதன் மூலக்கூறுகள் தனித்தனியே திரிகின்றன. அந்த அளவைத் தாண்டியவுடன், சுமார் 60 மூலக்கூறுகள் வீதம் கூடி உருண்டைகளாகின்றன. ஒழுங்கு சிறுகச் சிறுக வருவதன்று; வேண்டிய அளவு சேர்ந்தவுடன் வருவது.

கொரோனா வைரசின் மேலுறையும் இத்தகைய தலையும் வாலும் உடைய கொழுப்பு மூலக்கூறுகள் இரண்டு வரிசையாகத் தாமே அமைந்த ஒரு மெல்லிய சுவரேயாகும். சோப்பு மூலக்கூறுகள் அச்சுவரில் நுழைந்து அதனைக் கலைத்துவிடுகின்றன. 2020இல் 20 விநாடியேனும் சோப்பிட்டுக் கை கழுவுக என்று ஊர்தோறும் அறிவிக்கப்பட்டதன் உட்பொருள் இதுவே. அறிவிப்புக் காலம் முடிந்தாலும் சோப்பின் இயல்பு மாறவில்லை. அப்பழக்கத்தைக் கைவிட வேண்டுவதில்லை.

சூழ்நிலை மாறினால் என்ன ஆகும் என்பதையும் சோப்பே காட்டுகிறது. கிணற்று நீர் கடினமாக இருந்தால் சோப்பு நுரைப்பதில்லை. தயிர்போல் திரிந்து அழுக்காக மிதக்கிறது. கடின நீரில் உள்ள கால்சியம் சோப்பின் தலைகளை இரண்டிரண்டாகப் பிடித்துக்கொள்வதால் அது கரையும் தன்மையை இழக்கிறது. சோடியம் இருந்தால் சோப்புக்கு நலம். கால்சியம் வந்தால் கேடு. இதனை நினைவில் வைத்துக்கொள்வோம். நிலத்தில் இவ்வழக்கு நேர்மாறாகத் திரும்பப்போகிறது.

தயிரும் பொறுமையும்

பாலில் கேசின் என்னும் புரதம் 100 முதல் 200 நானோமீட்டர் வரை பருமனுள்ள உருண்டைகளாக மிதக்கிறது. ஓர் உருண்டையில் ஆயிரக்கணக்கான புரத மூலக்கூறுகளும், அவற்றைப் பிணைக்கும் கால்சியம் பாஸ்பேட்டும் உள்ளன. உருண்டைகளின் மேற்புறம் ஒரே வகை மின்னேற்றம் கொண்டிருப்பதாலும், மயிர் போன்ற புரத இழைகள் நீட்டிக்கொண்டிருப்பதாலும் அவை ஒன்றையொன்று விலக்குகின்றன. ஆகவே பால் நீர்மமாக இருக்கிறது.

உறை ஊற்றியபின் நுண்ணுயிர்கள் பாலின் சர்க்கரையைப் புளிப்பு அமிலமாக மாற்றுகின்றன. அமிலம் ஏற ஏற உருண்டைகளின் மின்னேற்றம் குறைகிறது. பி.எச். என்னும் அமில அளவு 6.7 அளவிலிருந்து 4.6ஐ நெருங்கும்போது, அவை ஒன்றையொன்று விலக்கும் ஆற்றலை இழந்து, சங்கிலி சங்கிலியாகக் கோத்து, ஒரு வலையாகின்றன. வலைக்குள் நீர் அடைபட்டு நிற்கிறது. அதுவே தயிர்.

உறை ஊற்றிய பாத்திரத்தை அசைக்காதே என்று நம் வீட்டுப் பெரியோர் கூறுவதில் ஆழ்ந்த உண்மை உண்டு. வலை பின்னப்படும் வேளையில் கலக்கினால் இழைகள் அறுந்து தயிர் நீர்த்துவிடும். நுண்ணிய அசைவு வேண்டும். முரட்டு அசைவு ஆகாது. ஓபல் என்னும் இரத்தினக் கல்லிலும் இதனைக் காணலாம். அதன் பல வண்ண ஒளிக்குக் காரணம், ஒரே பருமனுள்ள சிலிக்கா உருண்டைகள் வரிசை வரிசையாக அடுக்கப்பட்டிருப்பதே என்பதை ஆஸ்திரேலிய விஞ்ஞானிகள் 1964இல் மின்னணு நுண்ணோக்கியால் கண்டனர். உருண்டைகள் பருமனில் ஒவ்வாமல் தாறுமாறாகப் படிந்த கல்லில் அவ்வண்ணம் இல்லை. அது வெறும் மங்கிய கல்லே.

பிரித்துக் கூட்டிய வைரஸ்

தன்னமைவு என்பது உவமை அன்று, உண்மை என்பதை ஐயமற நிறுவிய சோதனை 1955இல் அமெரிக்காவில் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் நடந்தது. ஃபிரேங்கல்-கோன்ராட், வில்லியம்ஸ் என்னும் இருவர் புகையிலைத் தேமல் நோயை உண்டாக்கும் வைரசை எடுத்து, அதன் புரதத்தையும் அதன் உள்ளிருக்கும் நியூக்ளிக் அமிலத்தையும் தனித்தனியே பிரித்தனர். பின்னர் அவ்விரண்டையும் தக்க நீர்மத்தில் கலந்தபோது, அவை தாமே கூடிப் பழைய கோல் வடிவை அடைந்தன. அக்கோல்கள் புகையிலைச் செடியில் மீண்டும் நோயை உண்டாக்கின.

அந்த வைரஸ் 300 நானோமீட்டர் நீளமும் 18 நானோமீட்டர் குறுக்களவும் உடையது. ஒரே மாதிரியான 2,130 புரதத் துண்டுகள் சுருள் படிக்கட்டுபோல் அமைந்து அதன் உடலாகின்றன. இவ்வளவு கச்சிதமாக அமைந்திருப்பதால் அது காய்ந்த இலையிலும் நெடுங்காலம் கெடாமல் இருக்கிறது. தக்காளியையும் மிளகாயையும் இந்நோய் தாக்கும். கையாலும் கருவியாலும் பரவும். ஆகவே, புகையிலையைத் தொட்டவர்கள் கைகளை நன்றாகச் சோப்பிட்டுக் கழுவாமல் நாற்றங்காலில் இறங்கலாகாது. இந்த வைரசுக்குக் கொழுப்புறை இல்லை. எனவே சோப்பு இதனைக் கொல்லாது. ஆயினும் தேய்த்துக் கழுவும்போது கையிலிருந்து அகற்றிவிடும்.

களிமண் என்னும் சீட்டுக்கட்டு

இனி நம் நிலத்திற்கு வருவோம். களிமண்ணின் துகள்கள் உருண்டைகள் அல்ல; மெல்லிய தகடுகள். கரிசல் மண்ணில் மிகுந்துள்ள களிவகையின் ஒரு தகடு சுமார் 1 நானோமீட்டர் தடிப்பே உடையது. ஒரு பிடி களிமண்ணில் இத்தகைய தகடுகள் கணக்கில் அடங்கா. தகட்டின் இரு முகங்களும் எதிர் மின்னேற்றம் கொண்டவை. ஆதலால் அவை ஒன்றையொன்று விலக்க முயல்கின்றன. அவற்றை இணைத்து வைப்பன, இடையில் நிற்கும் நேர் மின்னேற்றமுள்ள கால்சியம், மக்னீசியம், சோடியம் போன்ற அயனிகளே.

கால்சியம் இரண்டு மின்னேற்றம் உடையது. அது இடையில் நிற்கும்போது தகடுகள் சீட்டுக்கட்டுபோல் அடுக்கடுக்காக அமைகின்றன. நீரில் ஊறினாலும் ஒரு தகட்டின் அடிக்கும் அடுத்த தகட்டின் அடிக்கும் இடையே சுமார் 1.9 நானோமீட்டர் அளவோடு வீக்கம் நின்றுவிடுகிறது. இக்கட்டுகள் மேலும் கூடி, மக்கிய பொருள்களின் பசையாலும் வேர்களாலும் பூஞ்சை இழைகளாலும் பிணைக்கப்பட்டு, கடுகளவும் மிளகளவுமான மண்கட்டிகளாகின்றன. கட்டிகளுக்கு இடையே உள்ள புழைகள் வழியாக நீர் இறங்குகிறது, காற்று நுழைகிறது, வேர் ஓடுகிறது. இதுவே பொலபொலப்பான மண்.

சோடியம் மிகுந்தால் நிலை வேறாகிறது. அதற்கு ஒரு மின்னேற்றமே உண்டு. அது தன்னைச் சுற்றி நீரைத் திரட்டிக்கொள்ளும். அதனால் தகடுகள் விலகி விலகி, முடிவில் தனித்தனியே பிரிந்து மிதக்கின்றன. மிதந்த தகடுகள் நீரோடு சென்று புழைகளை அடைக்கின்றன. மழை பெய்தால் நீர் தேங்கிச் சேறாகிறது; காய்ந்தால் நிலம் கல்லாகிறது. விதை முளைத்தாலும் மேற்பட்டையை உடைத்து வெளிவர இயலாமல் மடிகிறது. மண் தாங்கும் அயனிகளில் சோடியத்தின் பங்கு நூற்றுக்கு 15க்கு மேலும், பி.எச். 8.5க்கு மேலும் உள்ள மண்ணைக் களர் மண் என வகுப்பர்.

சோப்புக்கு உதவிய சோடியம் மண்ணைக் கெடுக்கிறது. சோப்பைக் கெடுத்த கால்சியம் மண்ணைக் காக்கிறது. பொருள் நல்லதோ தீயதோ அன்று. எந்தத் துகளுக்கு எந்தச் சூழ்நிலை என்பதே கேள்வி.

களர் எங்ஙனம் வருகிறது? நீர்ப்பாசனமே பல இடங்களில் காரணமாகிறது. சில கிணறுகளின் நீரில் சோடியம் பைகார்பனேட் மிகுந்திருக்கும். அந்நீரைத் தொடர்ந்து பாய்ச்சினால், மண்ணிலுள்ள கால்சியம் சுண்ணாம்பாகப் படிந்து செயலற்றுப் போகிறது. அதன் இடத்தைச் சோடியம் பிடித்துக்கொள்கிறது. ஆண்டுக்கு ஆண்டு சிறிது சிறிதாக நடப்பதால், விளைச்சல் குறையும் வரை நாம் அறிவதில்லை.

கண்ணாடிக் குவளைச் சோதனை

இதனை முன்கூட்டியே அறிய ஓர் எளிய சோதனை உண்டு. ஆஸ்திரேலியாவில் எமர்சன் என்னும் மண்ணியல் அறிஞர் 1967இல் வகுத்த முறையைத் தழுவியது இது. ஒரு கண்ணாடிக் குவளையில் மழைநீரை எடுத்துக்கொள்க. உப்புள்ள கிணற்று நீர் ஆகாது. உப்பு தகடுகளைச் சேர்த்துப் பிடித்து உண்மையை மறைத்துவிடும். வயலில் எடுத்துக் காயவைத்த பட்டாணியளவு மண்கட்டி ஒன்றை மெதுவாக நீரில் இடுக. கலக்க வேண்டா. இரண்டு மணி நேரம் கழித்து ஒரு முறையும், மறுநாள் ஒரு முறையும் பார்க்க.

கட்டி அப்படியே இருந்தால் நன்று. கட்டி உதிர்ந்து சிறு துண்டுகளானாலும், நீர் தெளிந்திருந்தால் பெரும் அச்சம் இல்லை. அந்நிலத்திற்குத் தொழுவுரமும் பசுந்தாளும் வேண்டும். ஆனால் கட்டியைச் சுற்றி நீர் பால்போல் கலங்கி, மறுநாளும் தெளியாமல் இருந்தால், தகடுகள் தனித்தனியே பிரிந்து மிதக்கின்றன என்று பொருள். அம்மண்ணை உடனே மண் பரிசோதனை நிலையத்திற்கு அனுப்ப வேண்டும். குவளை எச்சரிக்கை தரும். அளவு தருவது பரிசோதனை நிலையமே.

களரைத் திருத்தும் முறை

களரைத் திருத்துவது என்பது சோடியத்தை இறக்கிவிட்டு அவ்விடத்தில் கால்சியத்தை ஏற்றுவதேயாகும். அதற்கு உதவும் மலிவான பொருள் ஜிப்சம். அது கால்சியம் சல்பேட்டே. எத்தனை மூட்டை வேண்டும் என்பதை மண் பரிசோதனை கூறும். நெல் பயிரிடும் களர் நிலங்களுக்கு அத்தேவையில் பாதி அளவை இடுமாறு தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் பரிந்துரைத்துள்ளது.

நிலத்தைச் சமன் செய்து, வரப்பிட்டு, நல்ல நீர் பாய்ச்சி உழுது, ஜிப்சத்தைச் சீராகத் தூவ வேண்டும். பின்னர் நீரைத் தேக்கி வைத்து வடித்துவிட வேண்டும். கால்சியம் தகடுகளின் இடையே அமரும்போது வெளியேறும் சோடியம், சோடியம் சல்பேட்டாக நீரில் கரைந்து நிற்கும். அந்நீர் வயலை விட்டு வெளியேறினால்தான் திருத்தம் முழுமை பெறும். வெளியேறாவிடில், நீர் ஆவியானபின் சோடியம் அதே நிலத்தில் தங்கிவிடும். செலவிட்ட ஜிப்சத்தின் பலன் கைக்கு எட்டாது. வடிகால் இல்லாத இடத்தில் இடும் ஜிப்சம், கோரம் சேராத கூட்டத்தில் பேசிய பேச்சுப் போன்றது.

அடுத்துத் தக்கைப்பூண்டை வளர்த்து மடக்கி உழுதால், அது மக்கும்போது உண்டாகும் கரியமில வாயு மண்ணில் உறைந்து கிடக்கும் சுண்ணாம்பைக் கரைத்து மேலும் கால்சியத்தை விடுவிக்கும். மக்கும் பசை மண்கட்டிகளைப் பிணைக்கும். களரைத் தாங்கும் நெல் வகைகளாகத் திருச்சியிலிருந்து வெளியிடப்பட்ட திருச்சி 1, திருச்சி 3 ஆகியவற்றைத் தொடக்கத்தில் பயிரிடலாம். கிணற்று நீரே குறையுடையதாயின், அதனை ஜிப்சம் நிரப்பிய தொட்டியின் வழியே செலுத்திப் பாய்ச்சும் முறையும் உண்டு.

ஒரு மயக்கத்தையும் நீக்கிக்கொள்ள வேண்டும். உவர் நிலமும் களர் நிலமும் ஒன்றல்ல. உவர் நிலத்தில் உப்பு மிகுதி. ஆயினும் தகடுகள் சேர்ந்தே நிற்கின்றன. அதற்கு நல்ல நீரும் வடிகாலும் போதும், ஜிப்சம் வேண்டுவதில்லை. எது எந்நிலம் என்று அறியாமல் பக்கத்து வயல்காரர் இட்டார் என்பதற்காக நாமும் இடுவது வீண் செலவு.

பஞ்சாயத்தின் கடமை

ஜிப்சத்தைத் தனி ஒரு விவசாயி வாங்கி இடலாம். ஆனால் வடிநீர் அவர் வயலோடு நின்றுவிடுவதில்லை. அடுத்தவர் வயலைக் கடந்து, பொது வாய்க்காலை அடைந்து, ஊருக்கு வெளியே செல்ல வேண்டும். வாய்க்கால் தூர்ந்தோ ஆக்கிரமிக்கப்பட்டோ இருந்தால், மேட்டு வயலின் சோடியம் பள்ள வயலில் தங்கும். ஒருவர் நிலம் திருந்த, மற்றொருவர் நிலம் கெடும். ஆகவே களர் திருத்தம் தனி மனிதர் வேலை அன்று, ஊர் வேலை. வடிகாலைத் தூர் எடுப்பதும், அது எவர் வயலிலும் முட்டி நில்லாமல் வெளியேற வழி செய்வதும், களர் உள்ள சர்வே எண்களின் மண்ணை ஒருங்கே பரிசோதனைக்கு அனுப்புவதும் பஞ்சாயத்து முன்னின்று செய்யத் தக்கவை.

இத்தகடுகளை ஒவ்வொன்றாக அடுக்க எந்தக் கொத்தனாராலும் இயலாது; அடுக்க வேண்டிய தேவையும் இல்லை. கால்சியம் வருவதற்கும் சோடியம் வெளியேறுவதற்கும் வழி செய்துவிட்டால், அவை தாமே அடுக்கிக்கொள்ளும். அந்த வழியைத் திறந்து வைப்பதே நம் பொறுப்பு. அடுத்த பஞ்சாயத்துக் கூட்டத்திற்கு அங்கத்தினர் ஒவ்வொருவரும் தத்தம் வார்டிலிருந்து ஒரு காய்ந்த மண்கட்டியைக் கொண்டுவரட்டும். மேசைமேல் வரிசையாக வைத்த குவளைகளில் அவற்றை இட்டுவிட்டுக் கூட்டத்தைத் தொடங்கலாம். கூட்டம் முடிவதற்குள் எந்த வார்டின் நீர் கலங்குகிறது என்பது தெரியத் தொடங்கும். குவளைகளை மறுநாள் வரை வைத்திருந்து பார்த்தபின், எவ்வடிகாலை முதலில் தூர் எடுப்பது என்று முடிவு செய்யலாம்.